யார் யாரைச் சேர்த்துக்கொள்வது?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இந்தப் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். எழுதியவர், நம் பகுதியில் பழங்குடி மக்களின் உரிமைகளுக்காக வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் அலுவலக நிர்வாகி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. ஜூன் மாதம் அவர்களிடம் ஐந்து பேர் புதிதாகச் சேர்கிறார்களாம். இரண்டு பேர் சமூகப்பணி படித்தவர்கள். ஒருவர் இளம் வக்கீல். ஒருவர் சிறுசேரியில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வருகிறார். ஐந்தாவது, இருளர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்தே வரும் பெண். பிளஸ் டூ முடித்தவர். "மூன்று நாள் அறிமுகப் பயிற்சி வைத்திருக்கிறோம். பேசுவதற்கு யார் யாரைக் கூப்பிடலாம், சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நிகழ்ச்சி நிரலையும் இணைத்திருந்தார். முதல் நாள் குத்துவிளக்கு, நிறுவனத்தின் வரலாறு, திட்டங்களைப் பற்றிப் பவர்பாயிண்ட். இரண்டாம் நாள் சட்டங்கள், பிறகு அறிக்கை எழுதும் முறை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் "களப் பார்வை", இரண்டு மணி நேரம். அதற்கு வேன் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள படூரில் இருந்துகொண்டு, வேலைக்குச் சேர்வது என்றால் என்ன என்று தெரியாமல் இருக்க முடியாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை எட்டு மணிக்கு ஓ.எம்.ஆர். ஓரம் நின்று பாருங்கள். இந்துஸ்தான் கல்லூரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகளுக்கு எதிர்ப்புறத்தில், போன வருடம் வரை அதே பஸ்ஸில் வந்தவர்கள் கழுத்தில் புது அடையாள அட்டையோடு கம்பெனி வண்டிக்குக் காத்திருப்பார்கள். கையில் கம்பெனி பெயர் போட்ட பை, அதற்குள் தண்ணீர் பாட்டில், டீ-சர்ட், ஒரு கோப்பை. இதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. தெரியாத முகங்களுக்கு நடுவே நிற்கிற பிள்ளைக்கு ஒரு பை கொடுத்தாலும் ஆறுதல்தான்.

கம்பெனியில் சேர்கிறவரைக் கம்பெனியே சேர்த்துக்கொள்கிறது. கடிதம் எழுதிய நண்பரின் வேலையில் அப்படி இல்லை. அலுவலகம் நியமன உத்தரவு கொடுக்கும், சம்பளம் போடும். ஆளைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது குடியிருப்பு. அந்த முடிவு ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில், ஆள் போன பிறகு எடுக்கப்படும். நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் மூன்றாம் நாள் பிற்பகலில் இருப்பதை முதல் நாள் காலைக்குக் கொண்டுவரச் சொல்வதே என் முதல் யோசனை.

முதலில் குடியிருப்பிடம் கற்றுக்கொள்வதற்கு நம் கடற்கரையிலேயே ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறதே, அதன் வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முதலைகளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பாதிப்பேர் அதையும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னாலேயே பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடையும் வந்தது. அதுவரை தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து வயிறு வளர்த்த இருளர் குடும்பங்களுக்கு ஒரே நாளில் தொழில் சட்டவிரோதமாகிவிட்டது. 1978-இல் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு இந்தச் சங்கம் தொடங்கியது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விற்கலாம் என்பது ஏற்பாடு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் பிடிக்கப்படுகின்றன. வாயில் துணி கட்டிய மண்பானைக்குள் ஒவ்வொரு பாம்பையும் மூன்று வாரம் வைத்திருந்து, நான்கு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி சிக்கினால் தெரிந்துவிடும். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து, இந்தப் பானைகளிலிருந்து கிளம்பிய விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

இந்தக் கதையை எல்லாரும் "வெள்ளைக்காரர் வந்து வாழ்வு கொடுத்தார்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். விட்டேகரே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பாம்பின் தடம் பார்க்கவும், பொந்தின் வாயைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா என்று சொல்லவும் இருளர்களோடு நடந்து கற்றுக்கொண்டவர் அவர். சங்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே அவருக்கு அறிமுகப் பயிற்சி நடந்துவிட்டது. நடத்தியவர்கள் இருளர்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் அவர்களில் பலர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2017 ஜனவரியில் பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே சதுப்புக்காட்டில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, மற்ற உயிர்களையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. நம்மவர்கள் போய் இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பாம்பு பிடித்தார்கள். 16 அடி நீளப் பெண் பாம்பும் அதில் அடக்கம். அந்த ஊர் ஆராய்ச்சியாளர்கள் இவர்கள் பின்னால் நடந்து, இவர்கள் எங்கே நிற்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் நம் பயிற்சி அரங்குகளில் இருளர் பெரியவர் ஒருவர் பேச்சாளர் நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கடைசி வரிசையில், கையில் டிபன் பொட்டலத்தோடு, "பயனாளிகள்" என்ற பெயரில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள்.

யாரைக் கூப்பிடலாம் என்று கேட்ட நண்பருக்கு இதுதான் பதில். சென்னையிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டாம். குடியிருப்பில் இருக்கிற ஓர் ஆயாவையும் ஒரு தாத்தாவையும் பேசச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கிற இடத்திலேயே. சென்னைப் பேராசிரியருக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அதே தொகையை அவர்களுக்கும் கொடுங்கள், அன்றைக்கே, கையில். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஆயா என்ன பேசுவார் என்று சந்தேகம் வரலாம். கேள்வியாகத்தான் கேட்பார். திருப்போரூர் பக்கம் ஒரு குடியிருப்பில் நான் கேட்ட கேள்வி இது. புதிதாக வந்த களப்பணியாளர் பெண் நோட்டைத் திறந்து, "ஆயா, உங்க வீட்ல எத்தனை பேரு?" என்று ஆரம்பித்தார். ஆயா இறாலை ஆய்ந்துகொண்டே நிமிராமல் கேட்டார்: "நீ எத்தினி மாசம் இருப்ப?"

அதில் கோபம் இல்லை, விசாரிப்புதான். அந்தக் குடியிருப்புக்கு நோட்டோடு வந்தவர்கள் ஏராளம். கல்லூரி மாணவர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள், அரசுக் கணக்கெடுப்பாளர், ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் வருடத்துக்கு ஒரு புது முகம். எல்லாரும் அதே பெயர், வயது, ரேஷன் கார்டு. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அடுத்த வருடம் வருகிறவருக்கு முந்தின வருடத்து நோட்டு எங்கே போனது என்று தெரியாது. புதிய ஊழியரிடம் முதல் வாரம் கொடுக்க வேண்டியது அந்தப் பழைய நோட்டுகளை. படித்துவிட்டுப் போகட்டும். இருக்கிற விவரத்தை மறுபடி கேட்காமல் இருப்பதே பெரிய மரியாதை.

சட்டங்களைப் பற்றி. வகுப்பு எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் எந்தக் கவுன்டரில் எப்படி நிற்கிறது என்பது வகுப்பில் தெரியாது. ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை ஒப்படையுங்கள். முதலிலிருந்து கடைசி வரை அது அவர்கள் பொறுப்பு. பட்டியல் பழங்குடிச் சான்றைத் தாசில்தார் கொடுக்க முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும் என்பதே பலருக்கு முதல் செய்தியாக இருக்கும். அப்பாவின் சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்பாவுக்கு ஏது? அவர் பிறந்ததற்கே எழுத்து கிடையாது. பிள்ளைக்குச் சான்று இல்லாததால் பத்தாம் வகுப்பு தாண்டினாலும் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை. ஒரு குடும்பத்தோடு பஸ்ஸில் போய், அலுவலக வராண்டாவில் காத்திருந்து, "விசாரணைக்கு வருவோம், போங்க" என்ற பதிலோடு திரும்பி, அடுத்த வாரம் மறுபடி போனால், புது ஊழியருக்கு நாற்பது பக்கக் கையேடு சொல்லித்தராததெல்லாம் தெரிந்துவிடும். அன்றைய கூலி போனதும் தெரியும்.

தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 37 பிரிவினர். அவர்களில் இருளர்கள் எண்ணிக்கையில் இரண்டாவது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று ஒன்றிய அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு தமிழ்நாட்டுப் பிரிவுகளில் அவர்களும் உண்டு. இவ்வளவு பெரிய எண்ணிக்கை இருந்தும் நம் சமவெளியில் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஏரிக்கரைப் புறம்போக்கில் பத்து வீடு, கால்வாய் ஓரத்தில் எட்டு வீடு என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஓ.எம்.ஆரில் நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் பேசத் தொடங்கிய பிறகு, அந்தப் பத்து வீட்டுக்குப் பட்டா கேட்பது பெரிய போராட்டமாகிவிட்டது. 2021 தீபாவளி நாளில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு முதல்வர் வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அன்று எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். ஒவ்வொரு குடியிருப்புக்கும் முதல்வர் வர முடியாதே.

வக்கீல் தம்பிக்கு ஒரு வார்த்தை. 'ஜெய் பீம்' படம் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்கள் இப்போது நிறைய. நல்லதுதான். படத்தில் வருபவர் இருளர் என்றாலும், அதற்கு மூலமான 1993 வழக்கில் உயிரிழந்தவர் இருளர் சமூகத்தவர் அல்லர் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். குடியிருப்பில் யாராவது கேட்டால் சங்கடமாகிவிடும். நீதிமன்றத்தில் முழங்குகிற நாள் வருடத்துக்கு ஒன்றிரண்டு வரும். மற்ற நாளெல்லாம் மனு எழுதுவதும் ரசீது வாங்கி வைப்பதும்தான். திண்டிவனத்தில் பேராசிரியர் வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்த பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை இத்தனை வருடம் நடத்திக்கொண்டிருப்பது அப்படித்தான். முடிந்தால் அங்கே ஒரு வாரம் அனுப்பி வையுங்கள்.

கொத்தடிமை மீட்பைப் பற்றி நிரலில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார் நண்பர். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். பெரியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடக்கும் படம் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பயிற்சிகளில் அந்தப் படத்தைக் காட்டிக் கண் கலங்க வைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் வேறு அக்கறை. நாளைக்கு இந்த ஐந்து பேரில் ஒருவர் காலில் ஒரு தாத்தா விழப்போகிறார். அப்போது என்ன செய்வது? பதறிப் பின்னால் நகர்வதா, நிற்பதா? யாராவது முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். குனிந்து தோளைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்து ரேஷன் கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலாளியிடம் இருக்கும்.

1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுவிப்புச் சான்று கையில் வந்தால்தான் பழைய கடன் செல்லாது என்பதற்கு எழுத்து இருக்கும். 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிக மோசமான கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் என்று உண்டு. முழுத்தொகை வர வழக்கில் தண்டனை கிடைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையில் பலருக்கு உடனடி உதவித்தொகையோடு நின்றுபோகிறது. புது ஊழியர் மீட்பு நடக்கும் நாளில் வேனில் ஏறுவதற்கு முன்பாக, போன தடவை மீட்கப்பட்டவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்கட்டும். சிலர் வேறு சவுக்குத் தோப்பில் இருப்பார்கள்.

இனி அந்த ஐந்தாவது பெண். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரி. எனக்கு மனசு முழுக்க அவர்தான்.

மற்ற நால்வருக்காக அமைத்த பயிற்சி அவருக்கு என்ன செய்யும்? "இருளர்களின் வாழ்க்கைமுறை" என்ற தலைப்பில் பவர்பாயிண்ட் ஓடும்போது அவர் எங்கே பார்ப்பார்? சேர்வதற்குக் கேட்கிற காகிதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முகவரிச் சான்று, பான் கார்டு, சாதிச் சான்று, முன் அனுபவக் கடிதம். இந்தக் காகிதங்களை இந்த மக்களுக்கு வாங்கித்தரத்தானே அந்த நிறுவனமே இருக்கிறது? முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள், காகிதத்தை நிறுவனமே கூட நின்று வாங்கட்டும். முதல் மாதச் சம்பளம் வங்கிக்குப் போவதற்குள் கணக்கு இல்லை என்று இரண்டு மாதம் இழுத்தடிக்கிற கதையையும் கேட்டிருக்கிறேன்.

முன்பணம் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மற்றவர்களுக்குச் சம்பள அட்வான்ஸ் ஒரு சலுகை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் தாத்தாவைக் கட்டிப்போட்டது ஓர் அட்வான்ஸ் என்று கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அது சாதாரணமாகத் தோன்றாது. வாங்கினால் எப்படிக் கழியும், எப்போது முடியும், பாக்கி இருக்கும்போதே வேலையை விட்டால் என்ன ஆகும் என்று தாளில் எழுதி, உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். பிடிக்காவிட்டால் எந்த நாளும் போகலாம் என்பதையும் வாயால் சொல்லுங்கள்.

நன்கொடையாளர் வரும்போதெல்லாம் அவரை முன்னால் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். குடியிருப்புக்குப் போகும்போது மொழிபெயர்க்க மட்டும் கூட்டிப் போகாதீர்கள். ஒரு திட்டம் தாமதமானால், அலுவலகத்தில் மேனேஜர் அவரைக் கேட்பார், வீட்டுக்குப் போனால் சித்தி கேட்பார், "உங்க ஆபீஸ்ல இன்னாம்மா பண்றாங்க?" இரண்டு பக்கமும் அடி அவருக்கு. மற்ற நாலு பேருக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியும். இவருக்கு அப்போதுதான் தொடங்கும். அதைக் கணக்கில் எடுத்து வேலை கொடுக்கிற நிர்வாகம் இருக்க வேண்டும்.

முடியாத காரியம் இல்லை. நீலகிரியின் கூடலூரில் 1980-களின் நடுவில் அக்கார்டு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஐந்து பழங்குடியினரும் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கட்டினார்கள். 1990-இல் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அங்கே டாக்டர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். நர்சுகளை அவர்கள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அதிகம் படிக்காத ஆதிவாசிப் பெண்களையே எடுத்து, பிரஷர் பார்ப்பதிலிருந்து பிரசவம் பார்ப்பது வரை வருடக்கணக்கில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி என்றாலே காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தவர்கள், வாசலில் தங்கள் சொந்தக்காரப் பெண் நிற்பதைப் பார்த்து உள்ளே வந்தார்கள். பிறகு நிர்வாகமும் மெல்ல மெல்ல அவர்கள் கைக்கே போனது. மூன்று நாள் பயிற்சியில் நடந்த காரியம் இல்லை.

நம் செங்கல்பட்டுப் பக்கத்திலும் தண்டரையில் 1986 முதல் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் நடக்கிறது. மூலிகை அவர்கள் கைவேலை. புது ஊழியர்கள் அங்கே போனால் குறிப்பெடுக்க வேண்டாம். நாற்றங்காலில் ஒரு நாள் மண் அள்ளிவிட்டு வரட்டும்.

ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டமோ விழாவோ தொடங்குமுன், அந்த மண்ணின் தொல்குடிப் பெரியவர் ஒருவர் வந்து, வந்திருப்பவர்களை வரவேற்பார். இப்போதைய வடிவில் இது 1976-இல் பெர்த் நகரில் தொடங்கியது. 2008-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தொடக்கத்திலும் முதல் தடவையாக நடந்தது. வெறும் சடங்காகிவிட்டது என்று அங்கேயே முணுமுணுப்பவர்கள் உண்டு, இருக்கலாம். வந்தவர் விருந்தாளி, வரவேற்கிறவர் வீட்டுக்காரர் என்ற வரிசையாவது அதில் சரியாக இருக்கிறது. நம் குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்று யோசிக்கும்போது நண்பர் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கரையில் அதைவிடப் பெரிய வரவேற்பு ஒன்று வருடா வருடம் நடக்கிறது. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? முதல் நாளே வட மாவட்டங்களிலிருந்து இருளர்கள் வேனிலும் லாரியிலும் வந்து இறங்குவார்கள். நாலு கழியை நட்டுப் புடவையைச் சுற்றினால் வீடு. ராத்திரி முழுக்கக் கன்னியம்மனை அழைத்துப் பாட்டு, சாமி வந்து குறி சொல்லுதல். பொழுது விடியும்போது ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் பழமும் வைத்துப் படைப்பார்கள். அங்கேயே காது குத்து, மொட்டை, கல்யாணம். அடுத்த கல்யாணத்துக்கு நிச்சயமும் அங்கேயே. வருடம் முழுக்கப் பத்து வீடு, எட்டு வீடாகச் சிதறிக் கிடப்பவர்கள் அன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போதெல்லாம் கேமராக்காரர்கள் கூட்டம் அதிகம். தாலி கட்டுகிற கையை லென்ஸ் மறைக்கிறது.

புது ஊழியர்களை நிறுவனம் அங்கே வேன் வைத்துக் கூட்டிப் போக வேண்டாம். ஜூனில் சேர்கிறவர்கள் மாசி வரைக்கும் வேலையில் இருந்தால், குடியிருப்பிலிருந்து யாராவது "மகத்துக்கு வந்துடு" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போகட்டும், போனை உள்ளே வைத்துக்கொண்டு. கூப்பிடாவிட்டால் அடுத்த மாசிக்குப் பார்க்கலாம்.

வாசகர்களில் இந்த வேலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று எழுதுங்கள். குடியிருப்புகளில் இருந்து படிக்கிற தம்பி தங்கைகள் ஆயா தாத்தாவிடம் கேட்டு, அவர்கள் பார்த்த களப்பணியாளர்களில் யார் தேறினார்கள், ஏன் என்று எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. எழுத்துப்பிழை பார்க்க நான் இருக்கிறேன். வந்து சேர்கிற கடிதங்களைத் தொகுத்து, அந்த ஐந்து பேரும் வேலைக்குச் சேருமுன் நண்பருக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மே கடைசிக்குள் கிடைத்தால் வசதி.

அன்புடன்,
ஆசிரியர்
படூர்